இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஒன்றுமில்லை

அலுவலகத்தில் அவளைக் கோடாலி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே அல்ல. அந்தத் துணிச்சல் அங்கே யாருக்கும் கிடையாது. அவள் நாற்காலியை விட்டு எழுந்து கழிவறைப் பக்கம் போனதும், "கோடாலி இன்னைக்கு எந்த மரத்துல விழுந்துச்சு?" என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் பதிவு மேசைக்காரியின் தலையில்தான் விழுந்திருக்கும்.

வாய் மட்டுமல்ல, வேலையும் அந்தப் பெயருக்குப் பொருந்தியது. கணினியில் நீளநீளமாக வந்து விழும் எழுத்து வரிகளை வெட்டித் துண்டாக்கி, துண்டுகளை வரிசையில் உட்கார வைக்கும் நிரல்களை எழுதுவது அவள் பிழைப்பு. ஸ்பிளிட் என்பார்கள். இந்தக் குறி வருகிற இடத்தில் வெட்டு என்று சொல்லிவிட்டால் போதும், கணினி கண்ணை மூடிக்கொண்டு வெட்டும். வெட்டுப்படுவது மளிகைச் சாமான் பெயரா, ஒருத்தி ஒளிந்திருக்கும் வீட்டின் முகவரியா என்று அதற்குத் தெரியாது. அதையெல்லாம் வெட்டச் சொன்னவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அலுவலகத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு பெயிண்ட் கடையின் மாடியில் மூன்று அறை, இரும்புக் கம்பிக் கதவு, கதவுக்கு மேல் ஒரு கேமரா. வீட்டில் அடி தாங்க முடியாமல் ஓடிவரும் பெண்களை அதே ஊருக்குள் வெவ்வேறு வீடுகளில் ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிற அமைப்பு அது. அந்த வீடுகளின் முகவரி அங்கே வேலை செய்கிறவர்களின் கணவன்மாருக்குக்கூடத் தெரியாது. போக வேண்டி வந்தால் நேராகப் போகக் கூடாது; ஏதாவது ஒரு துணிக்கடையில் நுழைந்து, பின்வாசலால் வெளியே வந்து, சுற்றி நடந்துதான் போக வேண்டும். வண்டியில் போவதற்கு அனுமதியே இல்லை. எலும்பு முறிந்து வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து உண்டாக்கிய விதிகள் அவை.

கோடாலி அங்கே வேலைக்கு வந்தது தற்செயலாக அல்ல. அவளுடைய அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். டிப்போவில் அவர் தங்கமான மனுஷன். வீட்டுக்குள் நுழைந்தால் கையில் அகப்பட்டது ஆயுதம். ஒருமுறை சாப்பாட்டுத் தட்டை எடுத்து அம்மாவின் நெற்றியில் அடித்தபோது குறுக்கே போன மகளுக்குக் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அன்றோடு அவளுக்கு இடது காது போயிற்று. காது போன பிறகும் அவர் கை நிற்கவில்லை. ஒருநாள் ஈரல் கெட்டு, ரத்த வாந்தி எடுத்துச் செத்த பிறகுதான் நின்றது. பிணத்தை எடுத்த அன்று அம்மா அழவில்லை. வீட்டைக் கழுவிவிட்டுப் பகல் முழுக்கத் தூங்கினாள்.

அப்பா மாதிரி ஆகிவிடக் கூடாது என்று கோடாலி தனக்குள் ஒரு வைராக்கியம் வைத்திருந்தாள். ஆகவும் இல்லை, அவள் கணக்குப்படி. யார்மேலும் அவள் கை பட்டதில்லை. கை மேசையில் படும், கதவில் படும், அலமாரியில் படும். வாய்தான் ஆள்மேல் படும். கல்யாணம் என்று வந்த இரண்டு பேரும் அந்த வாயைப் பார்த்துவிட்டே திரும்பிப் பார்க்காமல் போனார்கள். அம்மா மட்டும் பயப்படாமல் சொல்லுவாள், "அப்பன் கைதான்டி உனக்கு வாயா வந்திருக்கு." கோடாலி அதற்கும் ஒரு பாட்டம் திட்டிவிட்டு, அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவாள்.

அடிபட்டு வருகிற ஒவ்வொருத்தியைப் பற்றியும் பதிவு மேசையில் ஒரு வரி ஏறும். ஒரே வரியில் ஆறு விஷயம்: பதிவு எண், பெயர், ஒளித்து வைத்திருக்கும் வீட்டின் முகவரி, அவளுடைய கைபேசி எண், எந்தக் காரணம் கொண்டும் அழைக்கக் கூடாத எண், கடைசியாகக் குறிப்பு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நிமிர்ந்து நிற்கும் ஒரு கோடு. முகவரிக்குள் காற்புள்ளி வரும் என்பதால் காற்புள்ளியில் வெட்ட முடியாது, அதனால் கோடு. வழக்கறிஞர் வரும் நேரத்தையும் இடத்தையும் அவரவர் கைபேசிக்குச் செய்தியாக அனுப்புவதும் அவளுடைய நிரல்தான். அழைக்கக் கூடாத எண் என்பது அடித்தவனின் எண். தப்பித் தவறிக்கூட அந்த எண்ணுக்கு எதுவும் போய்விடக் கூடாது என்று கோடாலியே ஒரு காவல் போட்டிருந்தாள். நான்காம் இடத்து எண்ணும் ஐந்தாம் இடத்து எண்ணும் ஒன்றாக இருந்தால் நிரல் செய்தியை அனுப்பாது. நல்ல காவல்தான். எண்கள் அவரவர் இடத்தில் இருக்கிறவரை.

அன்று காலை அமைப்பின் செயலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வழக்கறிஞர் வரும் நேரம் சில பெண்களுக்குப் போய்ச் சேரவே இல்லை, ஒருத்தி வாக்குமூலம் கொடுக்க வேண்டிய நாளையே தவறவிட்டுவிட்டாள் என்றார். சத்தம் போடவில்லை. ஆனாலும் கோடாலிக்குக் காது சிவந்துவிட்டது. இடத்துக்கு வந்து வரிகளைத் திறந்து பார்த்தாள். ஒரு கோடு இருக்க வேண்டிய இடத்தில் அங்கங்கே இரண்டு கோடு ஒட்டி ஒட்டி நின்றன. இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஒன்றுமில்லை. ஆனால் கணினிக்கு அதுவும் ஒரு துண்டு. ஒன்றுமில்லாத துண்டு. அதற்கும் வரிசையில் ஓர் இடம் கொடுக்கும். கொடுத்தால் பின்னால் இருப்பவர்கள் எல்லாம் ஓரிடம் தள்ளிப் போவார்கள். எண் இருக்க வேண்டிய இடத்தில் முகவரி வந்து உட்கார்ந்திருந்தால் செய்தி எப்படிப் போகும்?

அவள் பதிவு மேசைக்குப் போனாள். போனாள் என்பதைவிடப் பாய்ந்தாள் என்று சொல்ல வேண்டும்.

"ஒரு கோடு போடத் தெரியாதா உனக்கு? ஒண்ணாங் கிளாஸ் பிள்ளை ஒழுங்காப் போடுமே!"

"அக்கா, கீபோர்டு சரியில்லக்கா. ஒரு தடவ தட்டினா ரெண்டு விழுது. எத்தனையோ தடவ கேட்டுட்டேன், மாத்திக் குடுக்கல."

"ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல்! விழுந்தா அழிக்க வேண்டியதுதானே? கண்ணு பின்னாடியா இருக்கு?"

"பார்த்து அழிச்சுட்டுதான்க்கா இருக்கேன். சிலது விட்டுப்போயிடுது."

"விட்டுப்போயிடுது! உனக்கு விட்டுப்போனா அங்க ஒருத்தி வழக்கே போச்சு!"

சொல்லிக்கொண்டே அந்தக் கீபோர்டை இரண்டு கையாலும் தூக்கி மேசையில் ஓங்கி அடித்தாள். மூன்று நான்கு பொத்தான்கள் தெறித்துப் போய்ச் சுவரில் பட்டன. பதிவு மேசைக்காரி சட்டென்று குனிந்து முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அவளும் ஒரு காலத்தில் இங்கே ஓடிவந்தவள்தான். தாடையில் கம்பி வைத்து, தையல் பிரித்து, ஒளிந்திருந்த வீட்டிலேயே தட்டச்சு கற்றுக்கொண்டு வேலைக்குச் சேர்ந்தவள். முகத்தை மறைத்த அந்த முழங்கையைக் கோடாலி பார்த்தாள். "நான் என்ன அடிச்சா போட்டேன்? சும்மா நடிக்காத" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

வந்து உட்கார்ந்த கையோடு நிரலைத் திறந்தாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அதுதான். இனி இவளை நம்பிப் பிரயோசனமில்லை. இவள் இரண்டு கோடு போட்டால் என்ன, பத்துக் கோடு போட்டால் என்ன, காலியாக வருகிற துண்டை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. வெட்டின பிறகு காலித் துண்டுகளை நீக்கு என்று ஒரே ஒரு வரி. அவள் எழுதுகிற மொழியில் ஒரு வழக்கம் உண்டு. வரியின் கடைசியில் காலியாக வருகிற துண்டுகளை அது யாரையும் கேட்காமல் தானே உதிர்த்துவிடும். நடுவில் வருகிற காலிகளை மட்டும் விடாமல் வைத்திருக்கும். கடைசிக் காலியை அதுவே எறிகிறது, நடுக் காலியை நான் எறிந்தால் குடியா முழுகிவிடும் என்று நினைத்தாள். ஐந்தாறு வரிகளை ஓட்டிப் பார்த்தாள். இரட்டைக் கோடு விழுந்த வரிகள் எல்லாம் ஒழுங்காக இடத்தில் வந்து உட்கார்ந்தன. எழுந்து போய் டீ குடித்தாள்.

ஓட்டிப் பார்த்த வரிகளில் இருந்த பெண்கள் எல்லாரிடமும் கைபேசி இருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. காலியான இடம் என்றால் தவறி விழுந்த இடம் என்று முடிவு செய்துவிட்டாள். அங்கே வர வேண்டியது வரவில்லை என்று சொல்வதற்காகவே ஓர் இடம் காலியாக இருக்கலாம் என்பது அந்த நேரத்தில் அவள் புத்தியில் உறைக்கவில்லை. பந்தியில் ஓர் இலை காலியாக இருக்கிறதென்று அதை உருவி எடுத்துவிட்டு, எல்லாரையும் ஓரிடம் நகர்ந்து உட்காரச் சொன்னால், இவருக்கு வைத்தது அவருக்குப் போகும். அவ்வளவுதான் அவள் செய்தது.

முந்தாநாள்தான் ஒருத்தி வெறுங்காலோடு ஓடிவந்திருந்தாள். புருஷன் டயர்க்கடை வைத்திருந்தான். வந்தவள் வாயைத் திறக்கவே ஒரு பகல் ஆயிற்று. உதடு கிழிந்து, முதுகில் ரப்பர் குழாயின் தடம் வரிவரியாக ஏறியிருந்தது. அவளிடம் கைபேசி இல்லை. பதிவு மேசைக்காரி நான்காம் இடத்தைக் காலியாக விட்டு, ஐந்தாம் இடத்தில் புருஷனின் எண்ணைப் போட்டு, ஆறாம் இடத்தில் 'கைபேசி இல்லை, நேரில் போய்ச் சொல்லவும்' என்று குறிப்பும் எழுதியிருந்தாள். அந்தக் கெட்டுப்போன கீபோர்டிலும் அந்த ஒரு வரியில் பிசகே இல்லை. இரண்டு கோடுகளும் அங்கே சரியாகத்தான் நின்றன.

மதியச் சாப்பாட்டுக்கு முன் செய்திகள் தாமாகப் போயின. அந்த வரியை நிரல் வெட்டியது. ஆறு துண்டில் காலியான ஒன்றை எறிந்தது. மிச்சம் ஐந்து. பெரும்பாலான வரிகளில் குறிப்பு எதுவும் இருக்காது, ஐந்து துண்டுதான் வரும். அதனால் அது சந்தேகப்படவில்லை. நான்காம் இடத்துக்குப் புருஷனின் எண் வந்து உட்கார்ந்துவிட்டது. அழைக்கக் கூடாத எண்ணின் இடத்தில் குறிப்பு வந்து உட்கார்ந்தது. நான்கும் ஐந்தும் ஒன்றா என்று காவல் பார்த்தது. எண்ணும் குறிப்பும் எப்படி ஒன்றாகும்? போகலாம் என்று வழிவிட்டது. செய்தியில் வீட்டின் முகவரி முழுசாக இருந்தது. 'மாலை வழக்கறிஞர் வருவார், வீட்டிலேயே இருங்கள்' என்றும் இருந்தது.

கோடாலி சாப்பிட்டு, டப்பாவைக் கழுவி வைத்து, ஏதோ பழைய வேலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதிவு மேசைக்காரி இரண்டு முறை அவள் பக்கத்தில் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள். மூன்றாம் முறை வந்தபோது கோடாலி நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"என்ன, இன்னும் என்ன பாக்கி?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லன்னா எதுக்கு ஆவி மாதிரி சுத்திச் சுத்தி வர்ற? சொல்லித் தொலை."

"அந்தப் புதுசா வந்த பொண்ணுக்குப் போன் கிடையாதுக்கா. ஆனா அவளுக்கு மெசேஜ் போய்ச் சேர்ந்துடுச்சுன்னு ஸ்கிரீன்ல காட்டுது."

கோடாலி எழுந்து போய்ப் பார்த்தாள். செய்தி சேர்ந்த எண்ணைப் பார்த்தாள். வரியைத் திறந்து அழைக்கக் கூடாத எண்ணைப் பார்த்தாள். இரண்டும் ஒன்று.

"இது எப்பப் பார்த்த நீ?"

"சாப்பாட்டுக்கு முன்னாடியேக்கா. போன உடனே."

"அப்பவே ஏன்டி சொல்லல?"

பதிவு மேசைக்காரி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். "மறுபடியும் ஏதாவது தூக்கி அடிப்பீங்கன்னு பயமா இருந்துச்சுக்கா."

"போலீஸுக்குப் போன் போடு, செயலாளர்கிட்ட சொல்லு" என்று கோடாலி கத்திக்கொண்டே ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். அந்த வீட்டு வார்டனம்மாவின் எண்ணை ஓடிக்கொண்டே அழைத்தாள். மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. துணிக்கடையும் இல்லை, பின்வாசலும் இல்லை. ஸ்கூட்டரை முறுக்கி நேராக விட்டாள். சிக்னலில் நிற்காமல் போனதற்கு ஒரு லாரிக்காரன் அவள் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். கடவுளே, அவன் போனை இன்னும் பார்த்திருக்கக் கூடாது, டயர் கழற்றிக்கொண்டு கையெல்லாம் அழுக்கோடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனாள்.

அவன் பார்த்திருந்தான். வீட்டு வாசலில் ஒரு சின்ன வேன் பாதி நடைபாதையில் ஏறி நின்றது. கதவு திறந்தபடியே கிடந்தது. வீட்டின் இரும்புக் கேட்டில் பூட்டு அறுந்து தொங்கியது. கூடத்தில் வார்டனம்மா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் நரைத்த தலையிலிருந்து ரத்தம் இறங்கி ஒரு கண்ணை மூடியிருந்தது. உள்ளறையிலிருந்து மரம் உடைகிற சத்தம் வந்தது.

"எல்லாரும் உள்ள இருக்காங்கம்மா" என்றாள் வார்டனம்மா. "கதவு தாங்காது."

உள்ளறைக் கதவைப் பெண்கள் உள்ளிருந்து தள்ளிப் பிடித்திருந்தார்கள். அவன் வெளியிலிருந்து டயர் கழற்றும் இரும்புக் கம்பியால் அதை அடித்துக்கொண்டிருந்தான். நெட்டையாக, சட்டைக் கையை அளவாக மடித்துவிட்டு, பார்ப்பதற்கு மரியாதையான ஆள் மாதிரிதான் இருந்தான். அடிக்கு அடி பேசினான்.

"வான்னு மெசேஜ் அனுப்புவ, வந்தா கதவச் சாத்துவியா? வீட்லயே இருங்கன்னு சொன்னல்ல? வந்துட்டேன், திறடி!"

கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்தது. அதை மறுபடி சாத்துவதற்காக உள்ளேயிருந்து ஒரு கை வந்து கதவின் விளிம்பைப் பிடித்தது. அவன் பார்த்தான். நிதானமாகப் பார்த்துத்தான் அடித்தான். கம்பி அந்த விரல்களின்மேல் இறங்கிய சத்தத்தைக் கோடாலி தன் நல்ல காதால் கேட்டாள். அதற்குப் பிறகு வந்த அலறலை அந்தத் தெருவே கேட்டது.

கோடாலி ஹெல்மெட்டைப் பட்டையில் பிடித்துச் சுழற்றி அவன் பின்மண்டையில் அடித்தாள். வாழ்க்கையில் அவள் ஒருவரை அடித்தது அதுதான் முதல் தடவை. அவன் தள்ளாடித் திரும்பினான்.

"யாருடி நீ?"

அவள் பதில் சொல்லவில்லை. இன்னொரு முறை சுழற்றினாள். அது அவன் தோளில் பட்டு வழுக்கியது. அவன் கம்பியை ஓங்கி இறக்கினான். தலையை நகர்த்திவிட்டாள், தோளை நகர்த்த முடியவில்லை. தோள்பட்டை எலும்பு முறிந்து இடது கை செத்த கையாகத் தொங்கியது. கீழே விழுந்தவளின் விலாவில் அவன் பூட்ஸ் காலால் உதைத்தான். மூன்றாவது உதைக்கு வந்த காலை அவள் வலது கையால் கட்டிப் பிடித்து, கெண்டைக்காலில் பல் பதியக் கடித்தாள். பேன்ட் துணியோடு சதையும் வாயில் வந்தது. விடவில்லை. அவன் கத்தினான், கம்பியின் பின்முனையால் அவள் முதுகில் குத்தினான், அப்போதும் விடவில்லை.

அதற்குள் உள்ளறைக் கதவு உள்ளிருந்தே திறந்தது. நான்கைந்து பெண்கள் வந்தார்கள். ஒருத்தி கையில் இஸ்திரிப் பெட்டி, ஒருத்தி கையில் நாற்காலி, ஒருத்தி கையில் குக்கர். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பதை அன்று அந்தக் கூடம் பார்த்தது. ஒவ்வொருத்தியும் அடித்தது அவனை அல்ல. தன் தன் வீட்டில் விட்டுவிட்டு வந்தவனை அடித்தாள். இஸ்திரிப் பெட்டி அவன் முகத்தில் விழுந்ததும் மூக்கு ஒரு பக்கமாகப் போயிற்று. கம்பி கை நழுவி உருண்டது. அவன் மண்டி போட்டு, பிறகு குப்புற விழுந்து, "அம்மா, அம்மா" என்று முனகினான்.

மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். கோடாலி நிறுத்தவில்லை. ஒற்றைக் கையால் ஹெல்மெட்டை எடுத்து, விழுந்து கிடந்தவனின் தலையில், முதுகில், காதில் அடித்தாள். அடிக்க அடிக்க அவளுக்குள் ஏதோ குளிர்ந்தது. நன்றாக இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை, உண்மையாகவே நன்றாக இருந்தது. வார்டனம்மா தவழ்ந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"போதும்மா. செத்துடுவான். போதும்."

போலீஸ் வந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. வந்த ஒரு காவலர், "இந்த ஆளுக்கு அட்ரஸ் எப்படிக் கிடைச்சுது?" என்று கேட்டார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது செயலாளர் மூச்சு வாங்க ஓடிவந்து கோடாலியின் பக்கம் குனிந்து, "இப்ப யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம். முதல்ல நாம விசாரிச்சுக்கலாம்" என்றார். கேட்காத காதின் பக்கம் குனிந்துவிட்டார். ஆனாலும் வாயசைவு அவளுக்குப் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் தோளைக் கட்டி, கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் கையைப் போட்டு உட்கார வைத்தார்கள். புதிதாக வந்தவள் அதே தளத்தில், கோடியில் இருந்த அறையில் கிடந்தாள். வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை கோடாலி சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த அறைக்குப் போனாள். யாரும் அனுப்பவில்லை. சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை, அதனால் போனாள்.

கட்டிலில் இருந்தவள் அவளைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"அக்கா, நீங்கதானே வந்து அவனை அடிச்சீங்க? நல்லா இருப்பீங்க. நீங்க வராட்டி அவன் என்னைக் கொன்னுருப்பான்."

"எழுந்திரிக்காதம்மா, படு."

"அவன் மெசேஜ் மெசேஜ்னு கத்தினானே, அது என்னக்கா? எங்கிட்டப் போனே இல்லையே. நான் யாருக்கும் எதுவும் அனுப்பலக்கா, சத்தியமா."

"நீ அனுப்பல. நான்தான் அனுப்பினேன்."

அவளுக்குப் புரியவில்லை. கோடாலி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த எளிய வார்த்தைகளில் சொன்னாள். உன் நம்பர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. காலியாக இருக்கிறதை எல்லாம் எடுத்துவிடு என்று நான் எழுதிவிட்டேன். எடுத்ததும் அடுத்த இடத்தில் இருந்த அவன் நம்பர் உன் இடத்துக்கு வந்துவிட்டது. உனக்குப் போக வேண்டியது அவனுக்குப் போய்விட்டது.

கேட்டுக்கொண்டிருந்தவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள்.

"அது சும்மா காலியா இருக்கலக்கா" என்றாள். "என் போனை அவன் என் மூஞ்சிக்கு நேரா வச்சு, சுவத்துல அடிச்சு உடைச்சான். சில்லு தெறிச்சுதான் உதடு கிழிஞ்சுது. அதனாலதான் காலி."

கோடாலிக்குப் பொட்டுப் பொட்டாகக் கண்ணீர் விழுந்தது. துடைக்க ஒரு கைதான் இருந்தது.

"நேத்துக் காலையில நான் ரொம்பக் கோவத்துல இருந்தேம்மா. பதிவு மேசைப் பொண்ணு மேல. அந்தக் கோவத்துல யோசிக்காமப் பண்ணிட்டேன். வேணும்னு பண்ணல. தெரியாம நடந்துடுச்சு. என்னை மன்னிச்சுடு."

அவள் கோடாலியைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. பழக்கப்பட்ட ஒன்றைக் கேட்டவளின் முகமாக இருந்தது.

"அடிச்சு முடிச்சதும் அவனும் இதையேதான்க்கா சொல்லுவான்" என்றாள். "இப்படித்தான், பக்கத்துல உக்காந்து, அழுதுகிட்டே."

சொல்லிவிட்டு மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நர்ஸ் வந்து, டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும், வெளியே போங்கள் என்று சொல்லும்வரை கோடாலி அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள்.